மிஸ்பா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பெண் குழந்தைக்கு 'மிஸ்பா' என்று பெயர் வைக்க ஆசை. இணையத்தில் 'விளக்கு' என்று போட்டிருக்கிறது. சபையில் 'பிரிந்திருப்பவர்களைத் தேவன் காக்கும் இடம்' என்கிறார்கள். எது சரி?

பதில்: தாராளமாக வையுங்கள். வேதாகமத்து மிஸ்பா எபிரெயச் சொல். காவல் பார்க்கும் மேடு என்று பொருள். ஏறி நின்றால் யார் வருகிறார்கள் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும், அப்படிப்பட்ட இடம். அதனால்தான் அந்தப் பெயரில் பல ஊர்கள் இருந்தன. தீர்க்கதரிசி சாமுவேல் இஸ்ரவேல் ஜனங்களைக் கூட்டியது பென்யமீன் நாட்டு மிஸ்பாவில்.

சபையில் சொல்வது ஆதியாகமம் 31:49இல் வருகிறது. ஆனால் அந்த இடத்தை முழுசாகப் படியுங்கள். 20 வருஷம் உழைத்த யாக்கோபு சொல்லாமல் கிளம்பிவிட, மாமனார் லாபான் துரத்திவந்து கீலேயாத் மலையில் பிடிக்கிறார். கற்களைக் குவித்து உடன்படிக்கை செய்கிறார்கள். 'என் பெண்களைத் துன்பப்படுத்தினால், வேறு பெண் கட்டினால், கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்; இந்தக் குவியலைத் தாண்டி நீயும் வரக் கூடாது, நானும் வர மாட்டேன்.' இது மருமகனை நம்பாத மாமனார் விடுக்கும் எச்சரிக்கை. வசனத்தில் பாதியை வெட்டி, காதல் வாக்காக லாக்கெட்டில் பொறித்து விற்பது விக்டோரியா கால இங்கிலாந்திலேயே நடந்தது, இன்றும் நடக்கிறது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

'விளக்கு' வேறு சொல். அது அரபி மிஸ்பாஹ். இஸ்லாமியர் வைக்கும் அழகான பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, நம் 'பா' இரண்டு ஒலிக்கும் பொது என்பதால். ஆங்கிலத்தில் எழுதினால் பிரிந்துவிடும். உங்களுடையதில் இசட் வரும், பீட்டருக்கு வரும் 'பி' வரும். அரபிப் பெயரில் எஸ் வரும், பாபுவுக்கு வரும் 'பி' வரும். பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

எண்கணிதக்காரர் 'ஒரு ஏ கூட்டு' என்பார், கேட்காதீர்கள். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் சான்றிதழில் பெயர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. அப்புறம் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர் இதற்கே பணம் கேட்பார். ஒரு எழுத்து பிசகினால் போதும், ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு இடமாக அலைய விடுவார்கள். தப்பாக அடித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள். பதிவாளர் தட்டச்சு செய்ததும் திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.