கூடி வளர்ந்த பூனைகள் திடீரென்று பகைப்பது ஏன்? – கேள்வி பதில்

கொழும்பில் நீண்ட காலம் மிருக வைத்தியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எமது உறுப்பினர், வீட்டுப் பூனைகளின் சண்டை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை: டொக்டர், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கடுவன்கள் ஐந்து வருடமாக ஒன்றையொன்று கட்டிக்கொண்டுதான் தூங்கின. சென்ற செவ்வாய் இரவு யன்னலில் இருந்த கறுப்பன் திடீரென்று திரும்பி மற்றவனைக் குதறிவிட்டான். இன்றும் கண்டால் சீறுகிறான். இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று.

அந்த யன்னலுக்கு வெளியே அன்றிரவு என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பின்மதிலில் அயல் கடுவன் ஒன்று வந்து நின்றிருக்கும். எட்டிப் பிடிக்க முடியாத எதிரியைக் கண்டு கொதித்த பூனை, பக்கத்தில் எது வந்தாலும் அதன் மேல் பாயும்; அந்த நேரத்தில் அது தன் கூடப்பிறந்ததை அடையாளம் பார்ப்பதில்லை. வெடிச்சத்தமும் இதையே செய்யும். சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் என்னிடம் இப்படி வந்த பூனைகள் பல.

கொதிப்பு ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சில பூனைகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இரண்டையும் வெவ்வேறு அறைகளில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உணவு, தண்ணீர், மலசலத்துக்கு மண்தட்டு வையுங்கள். யன்னலின் கீழ்ப்பாதியைக் கடதாசியால் மறையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போட்டு வாசனையைப் பழக்குங்கள்; பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்து, இரண்டும் பதற்றமின்றிச் சாப்பிடும்வரை தட்டுகளை நாளுக்கு நாள் கதவருகே நகர்த்துங்கள். அதன் பின்னரே வலைக்கதவு வழியாகப் பார்க்கவிட வேண்டும். சீறல் எழுந்தால் ஒரு படி பின்னால் போங்கள். சில நாட்களில் முடிந்தால் அதிர்ஷ்டம். சில வாரங்களும் ஆகலாம். சண்டை மூண்டால் கையை மட்டும் இடையில் விடாதீர்கள்.

தெஹிவளை: ஐயா, ஒரு பூனையை வைத்தியரிடம் கொண்டுபோய் வந்தோம். வீட்டிலிருந்த மற்றது அதைக் கண்டதும் அடிக்கத் தொடங்கிவிட்டது.

உங்களுக்கு அது உங்கள் பூனை. மற்றதன் மூக்குக்கோ மருந்து நெடியுடன் வந்த அந்நியன். வைத்தியரிடம் போய்வந்ததை ஒரு நாள் தனியறையில் வைத்து, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்த பின், வீட்டில் புழங்கும் துவாயால் இரண்டையும் மாறிமாறித் துடைத்துவிடுங்கள்.

பம்பலப்பிட்டி: எங்கள் 12 வயதுப் பெட்டைப் பூனை ஒரு மாதமாக மற்றவற்றை அடிக்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது.

இது குணக்கோளாறு அல்ல, நோயாக இருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும் முதிய பூனைகள் இப்படித்தான் தின்றும் மெலிந்து எரிச்சல்படும். பல்வலியும் மூட்டுவலியும்கூடச் சாதுவான பூனையை மூர்க்கமாக்கும். இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். வலி என்று நினைத்துப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. 500 மில்லிகிராம் வில்லை ஒன்றே உயிரைப் பறிக்கும்.

கொட்டாஞ்சேனை: தம்பி, நான் நாற்பது வருடம் பூனை வளர்த்தவன். ஒருதரம் நன்றாக அடிபட்டால் யார் பெரியவன் என்று தீர்ந்துவிடும். கதவும் துணியும் வலையும் எதற்கு?

அண்ணை, பூனைகள் அப்படி வரிசை வைத்து வாழும் பிராணிகள் அல்ல. ஒவ்வொரு சண்டையும் 'இவன் ஆபத்தானவன்' என்ற பாடத்தையே ஆழமாக்கும். தோற்றது அடங்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றும். உண்மையில் அது அலுமாரிக்கு மேல் ஒளிந்து, மண்தட்டுக்குப் போகப் பயந்து, மெத்தையில் சிறுநீர் கழிக்கும். கடிகாயம் வெளியே ஊசித்துளையாகத் தெரியும். சில நாளில் உள்ளே சீழ் கட்டும். எஃப்ஐவி என்ற பூனை வைரஸ் பரவுவதும் முக்கியமாகக் கடி வழியாகத்தான்.

கொட்டாஞ்சேனை (மீண்டும்): எங்கள் வளவில் எட்டுப் பூனைகள் நின்றன. எவரும் சீழ் கட்டிச் சாகவில்லை.

வளவு என்றீர்களே, அங்கேதான் விடயம் இருக்கிறது. அன்று தோற்ற பூனை மதிலேறி அடுத்த வளவுக்குப் போய்விடும். வராமல் போனதை நாங்கள் 'ஓடிவிட்டது' என்போம். இன்று மூன்றாம் மாடியில் இரண்டறைத் தொடர்மாடி வீட்டில் அது எங்கே போகும்?

மருதானை: பெரியவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் பூனைகள் தாமாகவே சமாதானமாகின.

சீறிவிட்டு விலகுவதும், விளையாட்டாக மல்லுக்கட்டுவதும் தாமாகத் தீரும். மாறிமாறித் துரத்தினால், சத்தமில்லாவிட்டால், அது விளையாட்டு. ஒன்றே எப்போதும் துரத்தி, மற்றது அலறினால், மயிர் பறந்தால், காத்திருக்க வேண்டாம். உங்களுடையவை முதல் வகையாக இருந்திருக்கும். இந்த வாதத்தை இத்துடன் விடுகிறேன், கேள்விகள் குவிகின்றன.

கல்கிசை: சண்டையைப் பிரிக்கப் போய் என் கை கடிபட்டது. மஞ்சள் பூசியிருக்கிறேன்.

மஞ்சளைக் கழுவிவிட்டு, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பின் இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் (ரேபிஸ்) நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, பூனையாலும் பரவும். தடுப்பூசி வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். பூனைக்கடி ஆழமாக இறங்குவதால் விரைவில் பழுக்கவும் செய்யும். மற்றவர்களுக்கு மீண்டும்: கையை விடாதீர்கள். தடித்த அட்டையையோ தலையணையையோ இடையில் செருகுங்கள். சட்டிமூடியைத் தட்டினாலும் பிரியும்.

நுகேகொடை: எங்கள் கடுவனுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து பத்து நாள். இன்னும் அடிக்கிறானே?

இரத்தத்தில் உள்ள ஹார்மோன் விரைவில் குறைந்தாலும் பழக்கம் மாறச் சில வாரங்களாகும். பொறுங்கள்.

வத்தளை: குட்டி ஈன்ற தாய் மற்றப் பூனையை விரட்டுகிறது.

விரட்டத்தான் செய்யும். குட்டிகளுடன் தனியறை கொடுங்கள்.

கிருலப்பனை: யன்னலில் இருந்த பூனை திடீரென்று மற்றதைக் கடித்துவிட்டது. என்ன செய்வது?

வெள்ளவத்தைக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

ராஜகிரிய: டொக்டர், அடிபட்ட பூனை நொண்டுகிறது. கால் வில்லை பனடோல் கொடுக்கலாமா?

காலும் வேண்டாம், அரைக்காலும் வேண்டாம். கூடையில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.