கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: கொரோனா சமயத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் தடுப்பூசியைக் கட்டாயம் ஆக்கினவே, யாரும் வழக்குப் போடவில்லையா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: போடாமல் இருப்பார்களா! இந்தியானா பல்கலைக்கழகத்தின் மீது 8 மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். உடல்நிலை, மத நம்பிக்கை போன்ற காரணங்களைச் சொல்லி விலக்குக் கேட்க அங்கே வழி இருந்தது, ஆனால் விலக்கு வாங்கியவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெரியம்மைத் தடுப்பூசி வழக்கில், ஊசியைக் கட்டாயமாக்குவது செல்லும் என்று 1905-லேயே வந்த தீர்ப்பைக் காட்டி, பல்கலைக்கழகத்தின் விதிக்கு மாணவர்கள் கேட்ட தடை உத்தரவைத் தர மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பாரெட்டும் ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் அவர்கள் மனுவை நிராகரித்துவிட்டார். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்கள் நம் பிள்ளைகள். கோவாக்சின் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானால், உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த ஊசிகளின் பட்டியலில் அது இல்லை, வந்து மறுபடியும் வேறு ஊசி போடு என்று பல கல்லூரிகள் சொல்லிவிட்டன. அந்த அங்கீகாரம் வந்தது 2021 நவம்பர் 3-ஆம் தேதி. வகுப்போ ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டது!

கேள்வி: அடிக்கடி பரிசோதனை செய்தாலே போதாதா?

பதில்: இலினாய் பல்கலைக்கழகம் 2020-ல் அப்படித்தான் நினைத்தது. வாரம் இரண்டு முறை எச்சில் பரிசோதனை, அதில் தேறினால்தான் கட்டிடத்துக்குள் அனுமதி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தொற்று உறுதியான சிலர் பார்ட்டிக்குப் போய்விட்டார்கள்.