கொழுப்பு படிந்த கல்லீரலைத் தானமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: கல்லீரல் செயலிழந்த என் தம்பிக்கு என் கல்லீரலின் வலப்பகுதியைக் கொடுக்க முன்வந்தேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் ஸ்கேனில் கொழுப்பு தெரிகிறது என்று சொல்லி, எடையைக் குறைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். வெட்டினாலும் வளரும் உறுப்புதானே, ஏன் இந்தத் தாமதம்? கீழாநெல்லி சாப்பிட்டால் கொழுப்பு சீக்கிரம் கரையுமா?
வாசகர், நாமக்கல்

பதில்: கல்லீரல் வளரும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டியெடுத்த பகுதி மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியின் செல்கள் பெருகி, அதுவே பெருத்து இழப்பை ஈடுகட்டுகிறது. வலப்பகுதியைக் கொடுத்த பிறகு உங்களிடம் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதக் கல்லீரலே மிஞ்சும். முதல் சில வாரங்களில் வேகமாகவும் பின்னர் மாதக்கணக்கில் மெதுவாகவும் வளர்ந்துகொண்டே, ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிப்பது முதல் கழிவுகளை அகற்றுவது வரை முழு உடலின் தேவையையும் அந்தச் சிறு பகுதியே கவனித்தாக வேண்டும்.

கொழுப்பு குறுக்கே நிற்பது இந்த இடத்தில்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய கொழுப்புத் துளி ஒன்று செல்லை அடைத்துக்கொண்டு உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருப்பது தெரியும். இப்படி உப்பிய செல்கள் பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தப் பாதைகளை நெருக்குகின்றன. அறுவையின்போது ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தித் திறக்க நேர்ந்தால், அந்த அதிர்ச்சியை இவை எளிதில் தாங்குவதில்லை. செல் பிரிவதற்கான ஆற்றலும் குறைந்துபோகிறது. வேடிக்கை என்னவென்றால், நலமான கல்லீரல்கூட வெட்டப்பட்ட சில நாட்களுக்குச் சிறு கொழுப்புத் துளிகளை எரிபொருளாகச் சேர்த்துக்கொள்வதை விலங்குச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நாள்பட்டுத் தேங்கிய கொழுப்புதான் தொல்லை. கட்டிக்காகக் கல்லீரலை வெட்டும்போதும், நலமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும் என்பவர்கள், கொழுப்பு மிகுந்ததில் 30 சதவீதமாவது வேண்டும் என்பார்கள்.

நல்ல செய்தி, இந்தக் கொழுப்பு சில வாரங்களிலேயே குறையக்கூடியது. 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே ஸ்கேனில் மாற்றம் தெரியலாம். இனிப்புப் பானங்களையும் பரோட்டாவையும் விட்டுவிடுங்கள். சோற்றைக் குறைத்து, முட்டை, பயறு, மீன் ஆகியவற்றைத் தேவையான அளவு சேர்த்துக்கொண்டு, தினமும் வேகமாக நடங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். தசை கரையும், பித்தக் கல்லும் வரலாம்.

கீழாநெல்லி வேண்டாம். அது கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. மூலிகைத் தயாரிப்புகள் சில கல்லீரலையே பாதித்து, ரத்தப் பரிசோதனையில் என்சைம்களைக் கூட்டிக் காட்டினால் உங்கள் காத்திருப்பு இன்னும் நீளும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தம்பியின் உடல்நிலை இரண்டு மாதம் தாங்குமா என்பதை இப்போதே கேளுங்கள். தாங்காது என்றால், குடும்பத்தில் வேறொருவருக்கும் பரிசோதனைகளைத் தொடங்கச் சொல்லுங்கள். அதற்காக நீங்கள் எடை குறைப்பதை நிறுத்த வேண்டியதில்லை.