வெள்ளத்துக்குப் பின் சிகிச்சை மையத்தை மீண்டும் தொடங்குவது குறித்து

வணக்கம் அம்மா. தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் நீங்கள் நடத்தும் குழந்தைகள் வளர்ச்சிச் சிகிச்சை மையத்துக்குள் புகுந்து, குடும்பங்கள் பல உறவினர் வீடுகளுக்குச் சிதறி, சிகிச்சையாளர்கள் இருவரும் விலகிவிட்ட நிலையில், கட்டடத்தை முதலில் சீர்படுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டட வேலையைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றாட ஒழுங்கு குலைவது பெருந்துயரம். இத்தகைய பேரிடருக்குப் பின் பேச்சு குறைவதும், கழிப்பறைப் பழக்கம் பின்வாங்குவதும், தூக்கம் கெடுவதும் நேரக்கூடியவை என்று ஒவ்வொரு தாயிடமும் நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், ஏனெனில் தம் கவனக்குறைவால்தான் இப்படி ஆயிற்று என்று பலர் மனம் நொந்திருப்பார்கள். எஞ்சியுள்ள பணியாளர்கள் வாரம் ஒருமுறை வீடு தேடிச் சென்று, சாப்பிடும்போதும் உடுத்தும்போதும் செய்யக்கூடிய பயிற்சிகளைப் பெற்றோருக்குக் கற்பிக்கட்டும். அந்தப் பணியாளர்களின் வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று நம் கடற்கரை மீண்டும் மீண்டும் அடிபடுவதால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைச் சுட்டி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பராமரிக்க வேண்டிய மாற்றுத்திறனாளிகள் பதிவேட்டில் உங்கள் குழந்தைகளைப் பெற்றோரின் ஒப்புதலுடன் சேர்க்குமாறு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கத் தவறாதீர்கள்.