ஸ்டுடியோவிலிருந்து ஒலியை இணையம் வழியே அனுப்ப: கேள்வி பதில்

சிறு வானொலி நடத்தும் நண்பர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் போட்டு, நேயர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஐஸ்காஸ்ட் சர்வருக்கு அனுப்புகிறோம். ஒலியை இணையத்தில் அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் தனி என்கோடர் பெட்டி வேண்டுமா?

எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். ராத்திரி ஆளில்லாமல் ஓடுகிறது என்றால் வாங்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரை யாராவது வந்து எழுப்ப வேண்டியிருக்கும். பாரிக்ஸ் இன்ஸ்ட்ரீமர் மாதிரிப் பெட்டி, கரண்ட் வந்ததும் தானே சர்வரைப் பிடித்துக்கொள்ளும்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போதாதா?

போதும். ஆனால் அந்தப் போர்டில் ஆடியோ உள்ளே வாங்க வழியே கிடையாது. சவுண்ட் கார்டு தனியாக வாங்க வேண்டும். திடீர் மின்வெட்டில் மெமரி கார்டு கெட்டுப்போகும். கார்டில் எதுவும் எழுதாதபடி அமைத்துவிட்டு, ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வையுங்கள்.

ஒலியில் 'ங்ங்' என்று இரைச்சல். சத்தம் ஏறினால் கரகரப்பு. என்கோடர் பழுதா சார்?

பெரும்பாலும் இல்லை. மிக்சருக்கு ஒரு பிளக் பாயிண்ட், என்கோடருக்கு வேறு பாயிண்ட் என்றால் எர்த் வழியாக இரைச்சல் ஏறும். இரண்டையும் ஒரே பாயிண்டில் போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள், கம்பித் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும். எர்த் பின்னை மட்டும் பிடுங்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கரகரப்புக்குக் காரணம் வேறு: தொழில்முறை மிக்சரின் வெளியீடு, வீட்டு ஆடியோ கருவிகளில் இருக்கும் சாதாரண ஆர்சிஏ உள்ளீடு எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 12 டெசிபல் அதிகம். என்கோடரில் இன்புட் கெயினைக் குறையுங்கள்.

நொடிக்கு 128 கிலோபிட் ஒலியை 100 பேர் கேட்டால் எங்கள் லைன் தாங்குமா?

உங்கள் லைனிலிருந்து ஒரே ஒரு ஒலி ஓடைதான் (ஸ்ட்ரீம்) போக வேண்டும். அதைப் பிரித்துக் கொடுப்பது வெளியே இருக்கும் சர்வரின் வேலை, 12.8 மெகாபிட் அங்கேதான் தேவை.

ஸ்டுடியோ ஊருக்குள், டிரான்ஸ்மிட்டர் மலைமேல். பிராட்பேண்ட் வழியாக அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ஒற்றை லைனை நம்பாதீர்கள். இரண்டு முனையிலும் ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் 4ஜி ஒன்று வையுங்கள். காம்ரெக்ஸ், டைலைன் நிறுவனங்களின் கருவிகளில் ஒரே ஒலியை இரண்டு வழியிலும் அனுப்பலாம். ஒலித் தரவின் எந்தத் துண்டு (பாக்கெட்) முதலில் வருகிறதோ அதை மறுமுனை எடுத்துக்கொள்ளும். ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் (கோடெக்) 128 கிலோபிட் ஸ்டீரியோவுக்குத் தாராளம். மறுமுனை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் ஒலியின் அளவை, அதாவது பஃபரை, அரை நொடிக்குக் கீழே இறக்க ஆசைப்படாதீர்கள். பாட்டு அறுந்தால் நேயர் உடனே ஸ்டேஷனை மாற்றிவிடுவார், அரை நொடித் தாமதத்தை அவர் அறியவே மாட்டார். அப்புறம், சாதாரண சிம் இணைப்பில், வெளியிலிருந்து நேரே அழைக்கக்கூடிய பொது ஐபி முகவரி கிடைப்பது அரிது. அதனால் மலைமேல் இருக்கும் கருவிதான் ஸ்டுடியோவை அழைக்க வேண்டும். ஸ்டுடியோ லைனுக்கு நிலையான ஐபி வாங்குங்கள். இத்தனைக்கும் மேல் லைன் செத்தால்? மலைமேல் ஒலியைத் திரும்ப எடுக்கும் டிகோடரில், யுஎஸ்பி டிரைவிலிருந்து பாட்டு ஓட்டும் வசதி இருக்கிறதா பாருங்கள். ஒலி நின்றதும் அதிலுள்ள பாட்டு தானே ஓடும்.

நெட்வொர்க்கில் ஒலி அனுப்பும் ஏஇஎஸ்67 தரநிலைக் கருவி வாங்கினால் இதெல்லாம் தீருமா?

அது ஸ்டுடியோவுக்குள் ஓடும் நெட்வொர்க்குக்கு. சுருக்காத ஒலி, மில்லிநொடிப் பாக்கெட், துல்லியக் கடிகாரம். பொது இணையத்தில் தாங்காது.

ஆன்-ஏர் ஒலியை ஹெட்போனில் கேட்டால் என் குரலே பிந்தி வருகிறது. பேச முடியவில்லை.

மிக்சரின் வெளியீட்டையே ஹெட்போனுக்குக் கொடுங்கள். ஒலிபரப்பு நின்றது தெரிய, ஆன்-ஏர் ரேடியோவை ஒலி நின்றால் விளக்கெரியும் கருவியோடு இணைத்துவிட்டு, அந்த விளக்கை மைக்குக்கு எதிரே மாட்டுங்கள்.