கராஜ் பயிற்சிக்கு 2 லட்சம் கொடுக்கலாமா?

வணக்கம் அண்ணை. கொக்குவிலில் 8 பொடியன்களோடு கராஜ் நடத்துகிறீர்கள், ஹைபிரிட் வாகனப் பயிற்சிக்குக் கொழும்பு நிறுவனம் 2 நாளுக்கு 2 லட்சம் கேட்கிறது, போனமுறை பழக்கிய பொடியன் வெளிநாடு போய்விட்டான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வலி எனக்கும் தெரியும்.

உடனே காசைக் கட்டாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனத் தொழில்நுட்பமும் படிப்பிக்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். அனுபவமுள்ள பொடியன்களை நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகார சபை மூலம் மதிப்பிட்டு, என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் எடுக்கலாம். வகுப்பில் முதலிலிருந்து இருக்கத் தேவையில்லை.

மலேசியாவில் 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பல முதலாளிகள் சம்பளத்தில் 1 வீதத்தைப் பயிற்சி நிதிக்குக் கட்டி, பிறகு அதிலிருந்தே செலவை மீட்கிறார்கள். இங்கே செலவு முழுக்க உங்கள் தலையில்தான். அதனால் விற்க வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 3 மாதம் கழித்து என் பொடியன் எந்த வேலையைத் தனியே செய்வான்? 1959இலேயே கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க அறிஞர் பயிற்சியின் பலனை அளக்க 4 படிகள் சொன்னார். பயிற்சி பிடித்ததா என்று படிவம் கொடுத்துக் கேட்பது முதல் படி மட்டுமே. பலர் அந்தப் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

போய்விடுவான் என்ற பயத்தில் பழக்காமல் விடாதீர்கள், அண்ணை. ஹைபிரிட் பற்றரியில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. தெரியாத கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இருவரை அனுப்புங்கள், வந்ததும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள்.