வெள்ளையாக ஓடுகிறதே, இது மாவுப்பூச்சியா?

கேள்வி: மாவுப்பூச்சி பிடித்த எங்கள் வீட்டுச் செம்பருத்தியில், அதைப் போலவே வெள்ளையாக, ஆனால் பெரிதாக ஒரு பூச்சி வேகமாக ஊர்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: கையை நிறுத்துங்கள்! நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி 3, 4 மி.மீ. தான் இருக்கும், அசைவதே அபூர்வம். புழு ஒரு செ.மீ.க்கு மேலும் வளரும், உடனே நகர்ந்து ஓடும். உடலில் நீளமான மெழுகு இழைகள் தொங்கும். வளர்ந்த வண்டு கருநிறம், தலைப்பக்கமும் பின்நுனியும் ஆரஞ்சு.

புழு இருக்கும் கிளையில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம். எறும்புகளைத் தடுங்கள், மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக அவை இந்தப் புழுவை விரட்டும். அடித்தண்டில் 2 அங்குல அகலத்துக்கு டேப் சுற்றி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. ஒரு கிளை சுவரைத் தொட்டாலும் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும், அதை வெட்டிவிடுங்கள். புழுவே இல்லாத, முற்றிலும் வெளுத்த நுனிகளையும் கிள்ளி அப்புறப்படுத்தலாம்.